இலையோடு போயிற்று

பல் போனாற் சொல் போயிற்று என்பர். எமக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. பல் நேரான அன்றே சொல் போயிற்று.

அப்பொழுது அப்பா நாவலப்பிட்டிப் புகையிரத நிலையத்திலே எழுதுவினைஞர். எமது மேல்வாய் முன்பற்கள் நான்கும் நான்கு திசை பார்த்தவை. அவற்றுள் இடப்பக்கத்துப் பல் ஒன்று, அயற்பல்லின்மேற் கால் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தது. 1992ஆம் ஆண்டிலே, கண்டிப் பக்கத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் அப்பற்களுக்குக் கம்பி கட்டினார்கள். அதன்பின் மாதத்துக்கு ஒரு முறை போய்க் கம்பியைத் திருத்தி வரவேண்டும். அப்பாவுக்கு ரயிற் பயணம் இலவசம், லீவு இலவசமன்று. மாதந்தோறும் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, விடியற்காலை வண்டியிலே கம்பளை வழியாக எம்மை அழைத்துச் செல்வார். இப்படி இருபத்தாறு மாதங்கள்.

அப்பாவின் பல்வரிசை எமது வரிசையின் மூத்த பதிப்பு. சிரிப்பு வந்தாற் போதும், அவருடைய வலக்கை தானாகவே எழுந்து வாயை மறைத்துவிடும். வீட்டிலே மாட்டியிருந்த கல்யாணப் படத்திலும் அவர் வாய் திறக்கவில்லை. இருபத்தாறு நாள் லீவு எதற்கென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை, அந்தக் கையைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

1995ஆம் ஆண்டு தை மாதத்திலே கம்பியைக் கழற்றினார்கள். நாவினாற் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தோம். எழுந்து வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் வைத்தியர், "இனித்தான் உம்முடைய வேலை தொடங்குது" என்று சொல்லி, சிறிய பெட்டி ஒன்றைக் கையிலே தந்தார். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில், மேலண்ணத்தின் அச்சாக ஒரு தகடு. முன்பற்களை வெளியே அணைத்து நிற்க ஒரு கம்பி வளைவு. ரிட்டெய்னர் என்றார் அவர். வீட்டுக்கு வந்தபோது அது வெறும் பிளேட் ஆகிவிட்டது. சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் நீங்கலாக, இராப்பகல் வாயிலேயே இருக்கவேண்டும் என்பது கட்டளை.

ஹோலி என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1919ஆம் ஆண்டிலே எழுதி வெளியிட்ட அமைப்பு அது. நூறாண்டு கடந்தும் பெரிய மாற்றமின்றி இன்னும் செய்யப்படுகிறது. ஆயினும் அவர் தமிழ் பேசுவோரை நினைத்து அதைச் செய்திருக்கமாட்டார். ழகரத்தைச் சொல்ல நா மேலே வளைந்து அண்ணத்தை நாடவேண்டும். ளகரமும் ணகரமும் அந்த அயலிலேதான் பிறக்கின்றன. அங்கே புதிதாக ஒரு சுவர் எழுந்துவிட்டால் நா என்ன செய்யும்? "தமிழ்" என்று தொடங்கினோம். என்னவோ ஒன்று வெளிவந்தது. போதாததற்கு வாயிலே ஓயாத நீரூற்று. வைத்தியர் இதையும் முன்னரே சொல்லியிருந்தார்: நாள்தோறும் பத்திரிகையில் ஒரு பக்கத்தை உரத்து வாசித்தால், ஓரிரு கிழமையில் நா பழகிவிடும் என்று. பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கோ ஐந்து நாட்களே இருந்தன. பேசவேண்டிய பொருள், தமிழின் இனிமை.

போட்டியன்று பிளேட்டைக் கழற்றிக் கைக்குட்டையிற் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தோம். இரண்டாம் பரிசு கிடைத்தது. மறுநாளும் பாடசாலை வாசலில் அது பைக்குள் இறங்கிற்று. அதற்கடுத்த நாளும் அப்படியே. மாலையிலே, வீட்டுப் படலையைத் திறக்குமுன் வாய்க்குள் ஏற்றிவிடுவோம். ஏறும்போது ஓர் இறுக்கம் தெரியும். சில நாட்களில் வலியும் உண்டு. அந்த வலியின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

பல்லைச் சுவரில் அறைந்த ஆணியாக எண்ணியிருந்தோம். நகர்த்தியாயிற்று, நின்றுவிட்டது, இனி எங்கே போகும்? ஆனால் பல்வேர் எலும்போடு ஒட்டி நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவான மெல்லிய இழைப்படலம் இருக்கிறது. நுண்ணிய நார்களாலே கட்டிய ஊஞ்சல் என்று சொல்லலாம். கம்பி அழுத்தும்போது, அழுத்தப்படும் பக்கத்து எலும்பு கரைகிறது. பல் விட்டுவந்த பக்கத்திலே புதிய எலும்பு படிகிறது. அதனாலேதான் பல் நகர்கிறது. நகர்ந்த பல்லைச் சுற்றி அந்த நார்கள் தம்மைத் திருத்தி அமைக்க மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்களுக்கு ஓராண்டும் செல்லும். அதுவரையில் அவை இழுத்துக் கட்டிய இறப்பர் நாடாபோலப் பல்லைப் பழைய இடத்துக்கே அழைத்துக்கொண்டிருக்கும். சுழற்றித் திருப்பிய பல்லென்றால் அந்த இழுப்பு இன்னும் அதிகம். எமது இடப்பக்கத்துப் பல் அந்த வகையைச் சேர்ந்தது. பிளேட் ஏறும்போது வலித்தால், பல் ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்பதே கருத்து.

வைகாசியிலே அயலூரில் ஓர் உறவினர் கல்யாணம். அப்பா பக்கத்திலேயே இருந்தபடியால் அன்று பிளேட்டும் வாயில் இருந்தது. பந்தியில் உட்கார்ந்தோம். பெட்டி வீட்டில். கழற்றிய பிளேட்டை ஒருவரும் காணாதபடி இலையின் நுனியின்கீழே மெல்லச் செருகினோம். பருப்பு, சாம்பார், வடை, பாயசம். உண்டு முடிந்ததும், வழக்கப்படி இலையை மடித்துவிட்டுக் கைகழுவப் போனோம்.

நினைவு வந்தபோது அடுத்த பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் சொன்னோம். அவர் ஏசவில்லை. இலைகளை எங்கே கொட்டினார்கள் என்று பரிமாறும் பையன்களிடம் விசாரித்தார். மண்டபத்துக்குப் பின்புறம் மதிலோரத்திலே, இடுப்பளவு உயரத்துக்கு எச்சிலிலைக் குவியல். சால்வையை எமது கையிலே தந்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். ஓர் இலையை எடுப்பார், விரிப்பார், உதறுவார், அப்பால் வைப்பார். நாமும் மறுபுறத்தில் தொடங்கினோம். உறவினர் சிலர் வந்து எட்டிப் பார்த்து, "மோதிரமோ?" என்று கேட்டுச் சென்றனர். குவியலின் ஓரத்தில் ஒரு பசு நின்று அமைதியாக மென்றுகொண்டிருந்தது. (அந்தப் பசுவுக்குத் தீங்கொன்றும் நேர்ந்திராதிருக்கவேண்டும் என்று இன்றும் எண்ணுவதுண்டு.) இருட்டும்வரை தேடினோம், கிடைக்கவில்லை.

"நாளைக்கு லீவு போடுறன் தம்பி, போய்ப் புதுசு செய்விப்பம்" என்றார் அப்பா, கையைக் கழுவிக்கொண்டே.

வேண்டாம் என்றவர் நாமே. ஆவணியில் உயர்தரப் பரீட்சை. முடிந்ததும் போகலாம், பல் எங்கும் ஓடிவிடாது என்றோம். அவருடைய லீவும் அந்த ஆண்டுக்குக் குறைந்துகொண்டு வந்தது. சரி என்றார்.

புரட்டாதியிலே போனபோது, கம்பி கழற்றிய நாளில் எடுத்த சாந்து அச்சை வைத்தியர் அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அதில் நான்கு பற்களும் அணிவகுத்து நின்றன. பின்பு ஒரு சிறு கண்ணாடியை எமது வாயருகே பிடித்தார். இடப்பக்கத்துப் பல் மீண்டும் சாயத் தொடங்கியிருந்தது. புதிய பிளேட் செய்யலாம், ஆனால் அது இப்போது இருக்கும் நிலையையே காக்கும்; பழையபடி நேராக்குவதானால் மறுபடியும் கம்பி கட்டவேண்டும் என்றார். அப்பா அச்சையும் எமது வாயையும் மாறிமாறிப் பார்த்தார். வைத்தியர், சூழ்நிலையை இலேசாக்க நினைத்துப்போலும், "பிள்ளையின் பல்லுக்குத் தகப்பனிலே பாசம் அதிகம்" என்றார். அப்பா சிரித்தார். கை எழுந்து வாயை மூடிற்று.

மறுபடியும் கம்பி கட்டிக்கொள்ள எமக்கு மனம் வரவில்லை. புதிய பிளேட்டைப் பத்திரமாக அணிந்தோம். இருந்த இடத்திலே பல் நின்றது.

இன்று எம் மகளுக்குப் பதினாறு வயது. அவளுக்கும் கம்பி கழற்றியாயிற்று. இப்போது வருவது வேறு சாதி: கண்ணாடித்தாள்போல் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் உறை, பல்லோடு பல்லாகப் பொருந்துகிறது. பேச்சு அவ்வளவு குழறவில்லை, ழகரம் தப்பிற்று. ஆனால் மேசையிற் கிடந்தாற் கண்ணுக்குத் தெரியாது என்பதால், தொலைப்பதற்கு எம்முடையதிலும் வசதியானது. தேநீருக்குக் கொதிக்கவைத்த நீரிற் கழுவினால் கோணிவிடும். குளிர்ந்த நீரும் மெல்லிய பிரஷும் போதும். எத்தனை காலத்துக்கு என்று அவள் வைத்தியரைக் கேட்டாள். பல் நேராக இருக்கவேண்டும் என்று விரும்பும் காலமெல்லாம் இரவிலே போடவேண்டும் என்றாராம். மிகைப்பேச்சென்று நினைத்துத் தேடிப் படித்தோம். முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிச் சிகிச்சை பெற்ற 65 பேரை, ரிட்டெய்னரை நிறுத்திப் பத்தாண்டுக்குப் பின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, 1981இல் வெளியிட்ட கட்டுரை அகப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ்வாய் முன்பற்கள் திருப்தியற்ற முறையில் மீண்டும் நெருக்குண்டிருந்தன. வயது ஏற ஏற, கம்பியே கட்டாதவர்களுக்கும் கீழ்ப்பற்கள் நெருங்கிவருவதுண்டு.

அப்பா இப்போது எம்மோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். பல் யாவும் போய்ச் செயற்கைப் பல்வரிசை வந்தபின்னர், கைமறைப்பின்றி வாய்விட்டுச் சிரிக்கிறார். இரவு ஒன்பது மணிக்குப் பேத்தியின் அறைவாசலிலே நின்று, "பிள்ளை, பெட்டி எங்கே?" என்று கேட்பது அவருடைய நியமம். அவள் பெட்டியைத் திறந்து, வெறுமையாயிருப்பதைக் காட்டி, பல்லையும் காட்டுவாள். அதன்பின்னரே உறங்கப் போவார்.

கல்யாண வீட்டிலே பிளேட் தொலைந்ததனாற் பல் திரும்பிற்று என்றே அவர் இன்றுவரை நம்பியிருக்கிறார். அன்றே லீவு போட்டுக் கூட்டிச் சென்றிருக்கவேண்டும் என்று இரண்டொரு தடவை வருந்தியும் இருக்கிறார். நான்கு மாதமாக அது பாடசாலை நேரமெல்லாம் சட்டைப்பைக்குள் கிடந்த கதையை அவரிடம் நாம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் விறாந்தைச் சாய்மனையில் இருந்து, பூதக்கண்ணாடியோடு இந்தப் பக்கத்தை எழுத்து விடாமல் வாசிப்பது அவர் வழக்கம். நாம் அந்நேரம் கிணற்றடியில் இருப்போம்.