வெறுமையாகத் திரும்பாத பீங்கான்

எங்கள் பெருநாளுக்குப் பருவம் கிடையாது. பிறைக் கணக்கில் அது ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருகிறது. நான் பிறந்த 2008இல் நோன்புப் பெருநாள் ஒக்டோபர் தொடக்கத்தில் வந்தது. இப்போது மார்ச் வெயிலில் வருகிறது. அது சுற்றி மீண்டும் ஒக்டோபருக்கு வரும்போது எனக்கு 32 வயதளவில் இருக்கும். பருவம் எதுவானாலும் எங்கள் வீட்டில் மாறாதவை இரண்டு. ஒன்று வட்டிலப்பம். மற்றது அதைப் பற்றிய சண்டை.

29ஆம் நோன்பு திறந்த பிறகும் பெருநாள் நாளையா, நாளை மறுநாளா என்று தெரியாது. முட்டையும் கித்துள் கருப்பட்டியும் வாங்கி வைத்துவிட்டு, கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவித்தலுக்காக வானொலியின் முன் காத்திருப்போம். அறிவித்தல் வந்ததும் உம்மும்மா தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவார். கட்டிப்பாலில் கருப்பட்டியைக் கரைத்து, அடித்த முட்டையைச் சேர்த்து, ஏலக்காயும் சாதிக்காயும் இட்டு, துணியில் வடித்து ஆவியில் அவிப்பார். மூடியைத் திறந்ததும் சண்டை ஆரம்பமாகும். துளை விழுந்தால்தான் அது வட்டிலப்பம் என்பது உம்மும்மாவின் கட்சி. துளையே இல்லாமல் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பது வாப்பாவின் கட்சி. சண்டை முடிவதற்குள் பாதி வட்டிலப்பம் முடிந்துவிடும்.

உம்மும்மாவிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. அடுத்த வீட்டுப் பீங்கான் எங்கள் வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பக் கூடாது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம். சித்திரைப் புத்தாண்டுக்கு அந்த அன்ட்டி நீலப்பூப் போட்ட பீங்கானில் கொக்கிசும் கவுமும் அனுப்புவார். அதே பீங்கான் பெருநாளுக்கு வட்டிலப்பத்தோடு திரும்பிப் போகும்.

2019ஆம் ஆண்டும் ஏப்ரல் 14இல் அந்தப் பீங்கான் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 21ஆம் திகதி, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அப்போது எனக்கு 10 வயது. அப்பாவி மக்கள் அவ்வளவு பேர் இறந்ததை நினைத்து உம்மா அழுதது நினைவிருக்கிறது. அதன்பின் எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். கடைக்குப் போனால் பழகிய முகங்கள் வேறு பக்கம் திரும்பின. மதிலுக்கு மேலால் நடக்கும் பேச்சும் நின்றுபோனது. அவர்கள் பேசவில்லையா, நாங்கள் பேசவில்லையா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீலப்பூப் பீங்கான் மட்டும் எங்கள் அலுமாரியில் இருந்தது.

ஜூன் 5இல் பெருநாள். புதுஉடுப்பு இல்லை, விருந்தாளிகள் இல்லை. ஆனால் உம்மும்மா வட்டிலப்பம் அவித்திருந்தார். தொழுதுவிட்டு வந்ததும் அந்தப் பீங்கானை நிரப்பினார்.

“இந்த வருஷம் வேணாம் உம்மா. அவங்க எடுக்காட்டி?” என்றார் வாப்பா.

“எடுக்காட்டி அது அவங்கட விருப்பம். குடுக்காட்டி அது நம்மட பிழை” என்ற உம்மும்மா, என் பக்கம் திரும்பினார். “கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க மகள்.”

பத்தடி தூரம்தான். என் கை நடுங்கியதில் வட்டிலப்பமும் நடுங்கியது. கதவைத் தட்டினேன். திறந்த அன்ட்டி பீங்கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு சிங்களத்தில் சொன்னார்: “இத்தனை நாளும் பீங்கானைக் கேட்க நினைச்சேன் மகள். கேட்டால் உறவு வேண்டாம் என்று சொல்வதாக நினைப்பீங்களோ என்று பயந்து கேட்கவில்லை.”

என்னை உட்கார வைத்து, என் முன்னாலேயே ஒரு கரண்டி சாப்பிட்டார். திரும்பும்போது என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் வாப்பா நின்றுகொண்டிருந்தார். நான் போன நேரம் முதல் அங்கேயே நின்றாராம்.

உம்மும்மா வபாத்தாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. மையித்து வீட்டுக்கு முதலில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தவர் அந்த அன்ட்டிதான். இந்த வருடப் பெருநாளுக்கு முதன்முறையாக நான் வட்டிலப்பம் அவித்தேன். துளை விழுந்திருந்தது. வாப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டார். அன்ட்டி ருசி பார்த்துவிட்டு, “கருப்பட்டி கூடிப்போச்சு. உங்க உம்மும்மாட கை இன்னும் வரவில்லை” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டு ஆள் ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

சித்திரைக்கு அந்தப் பீங்கான் கொக்கிசோடு மறுபடியும் வந்து, இப்போது எங்கள் அலுமாரியில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதை நிரப்ப வேண்டும். இம்முறை கருப்பட்டியைக் கொஞ்சம் குறைத்துப் போடுவேன்.