செக் முந்தியா, கையெழுத்து முந்தியா?

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம், எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சப்-கான்ட்ராக்டரிடம் கணக்கு பார்க்கிறேன். இந்த மாநிலத்தில் கட்டட வேலை செய்தவருக்கோ சாமான் கொடுத்தவருக்கோ காசு வரவில்லையென்றால், அந்தக் கட்டடத்தின் மேலேயே பாக்கியைப் பதிவு செய்யலாம். வழக்குப் போட்டு அதை விற்க வைத்தும் வசூலிக்கலாம். மெக்கானிக்ஸ் லீன் என்பார்கள். மாநில அரசியல் சட்டத்திலேயே உள்ள உரிமை இது. 'லீன் போடமாட்டேன்' என்று ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதி வாங்கினாலும் செல்லாது. 'ஓனர் எனக்குக் கொடுத்தால்தான் உனக்கு' என்ற ஷரத்தும் அந்த உரிமையைக் கொல்லைப்புற வழியாகப் பறிப்பதுதான் என்று 1997-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஆட்கள் எப்படிப் பணத்தை இழக்கிறார்கள் என்பதை, பக்கத்து ஷெட்டில் டைல்ஸ் தொழில் செய்த ஒருவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "செக் ரெடி, பேப்பரில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று மெயின் கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து அவருக்கு மெயில் வந்தது. அனுப்பிவிட்டார். செக் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. கட்டட உரிமையாளரிடம் போய்க் கேட்டால், லீன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக இவர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளையே அவர் எடுத்து நீட்டினார். அதன் நகலை எங்கள் மேஜையில் வைத்து, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார் அந்த மனிதர். தாளின் தலைப்பிலேயே எச்சரிக்கை அச்சாகியிருந்தது: பணம் வராவிட்டாலும், கையெழுத்துப் போட்டுவிட்டால் இது உங்களைக் கட்டுப்படுத்தும். கூலி கொடுக்கக் காசில்லாமல் நிற்பவர் கண்ணுக்கு 'செக் ரெடி' மட்டும்தான் தெரியும். அந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டே கேட்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

இப்படி லீன் உரிமையை விட்டுக்கொடுக்கச் சட்டம் நான்கு படிவங்கள் தந்திருக்கிறது. இடையில் வரும் பணத்துக்கு இரண்டு, கடைசிப் பணத்துக்கு இரண்டு. இரண்டிலும் நிபந்தனையோடு ஒன்று, நிபந்தனையில்லாமல் ஒன்று. டைல்ஸ்காரர் போட்டது நிபந்தனையில்லாதது. நிபந்தனையுள்ள தாளுக்குப் பணம் கைக்கு வந்தால்தான் உயிர். செக் வருவதற்கு முன்னால் எங்கள் ஆபீசிலிருந்து அது மட்டும்தான் போகும்.

அதிலும் ஒரு கட்டத்தை நான் இரண்டு தடவை பார்ப்பேன்: எந்தத் தேதி வரைக்குமான வேலை என்ற இடம். எங்கள் பில் மாதக் கடைசி வரைக்கும்தான். அவர்கள் நிரப்பி அனுப்பும் தாளில் சில சமயம் அடுத்த மாதம் நடுவில் ஒரு தேதி இருக்கும். அப்படியே போட்டால், இன்னும் பில்லே போடாத இரண்டு வார வேலைக்கும் லீன் போய்விடும். அடித்துத் திருத்தாமல், சரியான தேதியோடு புதுத் தாள் தயாரித்துத்தான் அனுப்புவேன்.

கட்டட உரிமையாளர் பக்கத்து நியாயமும் உண்டு. மெயின் கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்த பிறகு சப்-கான்ட்ராக்டர் லீன் போட்டால், அவர் இரண்டாம் தடவை கொடுக்க நேரும். அதனால் செக் பாஸான அன்றைக்கே நிபந்தனையில்லாத தாளை அனுப்பிவிடுகிறேன்.

செக் வரும் வரும் என்று காத்திருந்தாலும் கெடு நிற்காது. மொத்தக் கட்டட வேலையும் முடிந்து 90 நாளுக்குள் லீன் பதிவாக வேண்டும். வேலை முடிந்ததாக உரிமையாளர் அறிவிப்புப் பதிவு செய்துவிட்டால், சப்-கான்ட்ராக்டருக்கு அன்றிலிருந்து 30 நாள்தான். எந்தப் பாக்கிக்கும் முதலில் அந்தத் தேதியைத்தான் குறித்து வைக்கிறேன்.