அப்பாவோட ஃபியட்டுக்கு உள் பெயிண்ட்

அப்பாவோட ஃபியட் 1100, பிரீமியர் கம்பெனி பம்பாய் குர்லாவுல செஞ்சது. பக்கவாதத்துக்கு அப்புறம் அவரால ஓட்ட முடியாது. பக்கத்து சீட்டுல உட்கார்ந்து ஒரு ரவுண்ட் போகணும், அவ்வளவுதான் ஆசை. அங்கேர்ந்து பார்த்தா முழுக்க தகர டேஷ்போர்டுதானே!

மேல்பக்கத்தை வெச்சே கலர் கலக்கிடலாம்னார் பெயிண்டர். வேணாம்னுட்டேன். அது வெயில்ல வெளுத்தது. ஆஷ்டிரேயைக் கழட்டினோம். உள் விளிம்புல வெயிலே படாத அசல் பச்சை! ஒரு தகட்டுல அடிச்சு, நல்லா காயவிட்டு, பகல் வெளிச்சத்துல ஒப்பிட்டோம் (ஈரத்துல பார்த்தா ஏமாந்துடுவீங்க, டியூப்லைட் அதைவிட மோசம்). நாலாவது கலவைதான் ஒத்து வந்துது.

பிரைமர், 400 நம்பர் வாட்டர் பேப்பர், மெல்லிசா ரெண்டு கோட். கிளியர் கோட் மட்டும் வேண்டவே வேண்டாம், இந்தக் காலத்து கார் மாதிரி பளபளக்கும்.

நேத்து அப்பா உட்கார்ந்து டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு எப்படா பெயிண்ட் அடிக்கப் போறே?"