‘ஸ்கோல்ட்’ என்று எழுதிய மனு

அண்மையில் ஒரு வன்கொடுமைப் புகாரை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தோம். டீக்கடையில் பலர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். ‘திட்டினார்’ என்பதற்கு ‘ஸ்கோல்ட்’ என்றே போட்டுவிட்டோம். பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தது அதுதானே!

ஆனால் ஸ்கோல்ட் என்றால் தப்பு செய்த பிள்ளையை அம்மா கண்டிப்பது. தப்பு, திட்டு வாங்கியவர் தலையில் விழுந்துவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பிரிவில், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு உள்ள சொல் ‘அப்யூஸ்’. அதற்கு முந்தைய (ஆர்) பிரிவில் ‘இன்சல்ட்’ அவமதிப்பது, ‘இன்டிமிடேட்’ மிரட்டுவது; அதில் ‘ஹ்யூமிலியேட்’, அதாவது இழிவுபடுத்தும் நோக்கமும் இருந்தாக வேண்டும். (எஸ்) பிரிவில் அந்த வார்த்தை இல்லை.

மனுவைத் திருத்தினோம். அவர்கள் சொன்ன வசையை மட்டும் மொழிபெயர்க்கவில்லை; தமிழிலேயே, ஓர் எழுத்து விடாமல் எழுதினோம்.