ஒரு சர்வரும் ஒரு நேர்முகக் கடிதமும்

மின்னஞ்சல் என்றால் பொத்தானை அழுத்தியதும் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எங்கள் துறையின் அஞ்சல் சர்வரைக் கையில் எடுத்த பிறகுதான், அது எத்தனை கதவுகளைத் தட்டி உள்ளே வருகிறது என்று புரிந்தது.

அந்தச் சர்வரில் ஓடியது சென்ட்ஓஎஸ் 7. 2024 ஜூன் 30-உடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்று தெரிந்ததும், "வேற சிஸ்டம் போட்டுடு தம்பி" என்றார் ஆய்வக அண்ணன். இரண்டாமாண்டு முடித்திருந்த என் தலையில் பொறுப்பு விழுந்தது.

எதைப் போடுவது? தேவை இரண்டு. அஞ்சலைக் கையாளப் போஸ்ட்ஃபிக்ஸ். மாணவர் முகவரிகளை வைத்துக்கொள்ள டேட்டாபேஸ். மாணவர்கள் ஆண்டுதோறும் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவருக்கும் கணினியில் தனிக் கணக்குத் திறந்து மூடுவதைவிட, அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பதும் நீக்குவதும் எளிதல்லவா? ஃப்ரீபிஎஸ்டி நல்லதுதான், ஆனால் எங்கள் ஆய்வகத்தில் அதை அறிந்தவர் எவருமில்லை. நான் போன பின் யார் பார்ப்பது? எனவே, 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-ஐத் தேர்ந்தேன். திருத்தங்கள் சில ஆண்டுகளுக்குக் கிடைக்கும். தேவையான இரண்டும் அதிலேயே உண்டு.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கள் மாலை மாற்றினேன். சென்ட்ஓஎஸ் 7-இல் போஸ்ட்ஃபிக்ஸுக்குள்ளேயே மைஎஸ்கியூஎல் ஆதரவு இருந்தது. டெபியனில் அது தனிப் பேக்கேஜ். அதையும் ஏற்றினேன். கட்டளை கொடுத்து ஒரு முகவரியைத் தேடினேன். சரியான பதில் வந்தது. "முடிஞ்சுது!" என்று கிளம்பிவிட்டேன். வெளியிலிருந்து ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

புதன் காலை, படிப்பு முடித்திருந்த சீனியர் அண்ணன் ஒருவர் வந்தார். தள்ளுவண்டியில் இட்லி விற்றுப் படிக்க வைத்த தாயின் ஒரே மகன். "தம்பி, கம்பெனி லெட்டர் வரணும். ரெண்டு நாளா ஒண்ணுமே வரல. பார்க்கறியா?"

லாக்கைத் திறந்தேன். வரிக்கு வரி 451, தற்காலிகத் தேடல் பிழை. எனக்கு வியர்த்துவிட்டது.

காரணம் இதுதான். டெபியன் 12-இல் வெளி அஞ்சலை வாங்கும் பகுதி பாதுகாப்புக்காக ஒரு கூண்டுக்குள் ஓடுகிறது. டேட்டாபேஸ் இருக்கும் இடமாக நான் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் அது ஒரு சாக்கெட் ஃபைலைத் தேடும். கூண்டுக்குள்ளிருந்து அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாது. என் கட்டளையோ கூண்டுக்கு வெளியே ஓடியது. அதனால்தான் சரியென்று ஏமாந்தேன். அந்தச் சொல்லை 127.0.0.1 என்று மாற்றினேன். அவ்வளவுதான்!

பிழை 'தற்காலிகம்' என்றதால் அனுப்பியவர்களின் சர்வர்கள் கடிதங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தன. பொதுவாக நான்கைந்து நாள் அப்படிக் காத்திருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு அண்ணனின் கடிதம் வந்தது. நேர்முகத் தேர்வு மறுநாள் காலை! அன்றிரவே பஸ் ஏறினார்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "போய் உட்கார்ந்து பதில் சொல்லிட்டு வந்தேன்ல, அடுத்ததுக்குப் பயமில்ல தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

நண்பர்களே, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எந்தச் சிஸ்டத்தையும் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதன் வழக்கத்தைக் கேட்டறிந்து, வெளியே நின்றும் ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளே யாரோ ஒருவர் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்.