கைக்கெட்டிய ஒலி

தொலைக்காட்சிப் பெட்டி என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெட்டி மறைந்து நெடுநாளாயிற்று. இலங்கையில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பை ஆரம்பித்த காலத்தில், வரவேற்பறையின் மூலையில் வீற்றிருந்தது மெய்யாகவே ஒரு பெட்டிதான். திரைக்கு அருகே உள்ளங்கையளவு ஒலிபெருக்கியொன்று வீட்டாரை நேர்நோக்கிப் பேசியது. இன்று சுவரில் தொங்குவதோ ஒரு பலகை. படம் பெருத்துவிட்டது, குரல் சிறுத்துவிட்டது. மெல்லிய உடலுக்குள் அடங்கவேண்டியிருப்பதால் ஒலிபெருக்கிகள் சிறியனவாகி, பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ அமைந்துவிடுகின்றன. செய்தி வாசிப்பவர் எம்மைப் பார்க்கிறார். அவர் குரல் சுவரைப் பார்க்கிறது.

இளைஞருக்கு இது ஒரு பொருட்டன்று. வயது ஏறும்போது செவி முதலிற் பறிகொடுப்பது உச்சமான ஒலிகளையே. ‘ச’, ‘ஸ’ முதலியன தேய்ந்துபோக, உயிரொலிகளே எஞ்சி நிற்கும். ஆகவே அளவைக் கூட்டினால் இரைச்சல் மிகுமேயன்றிச் சொல் தெளியாது. “சத்தம் வருது, கதை விளங்கேல்லை” என்று எமது அன்னையார் அடிக்கடி சொல்வதன் பொருள் இதுதான்.

அம்மாவுக்கு வயது 83. முழங்கால் வாதம் வேறு. சாய்மனைக் கதிரையில் ஒருமுறை அமர்ந்தாரெனின் எழுவது எளிதன்று. அடுத்த அறையில் எமது மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பாட்டிக்கு ஒலி வேண்டும். பேரனுக்கு அமைதி வேண்டும். நடுவே இருந்தது ஒரே சுவர்.

வெளியே வைக்கும் ஒலிபெருக்கிகள் இரண்டு வாங்கினோம். விற்றவரே வந்து, ஒளிக்கம்பியொன்றைத் தொலைக்காட்சியிற் செருகி, இடையே ஒரு சிறு மாற்றுப் பெட்டியை வைத்து, எல்லாம் இணைத்துவிட்டுப் போனார். குரல் கணீரென்று வந்தது. அம்மாவின் முகமும் மலர்ந்தது. ஆனால் அவர் கையிலிருந்த ரிமோட் பாதி உயிரை இழந்துவிட்டது. அலைவரிசை மாறும், ஒலி அசையாது. கூட்டவோ குறைக்கவோ வேண்டுமாயின் எவரேனும் எழுந்து சென்று ஒலிபெருக்கியின் குமிழைத் திருகவேண்டும்.

“அப்பன், உதைக் கொஞ்சம் குறைச்சுவிடு ராசா” என்று முதல் வாரம் பேரனை அழைத்தார். இரண்டாம் வாரம் அழைப்புக் குறைந்தது. மூன்றாம் வாரம் மாலைச் செய்தி நேரத்திலும் திரை இருண்டு கிடந்தது. ஏனென்று வினவினோம். “எனக்கு இப்ப பாக்க விருப்பமில்லைப் பிள்ளை” என்றார். விருப்பமின்மையன்று அது, பிள்ளையை மீண்டும் மீண்டும் எழுப்ப மனமின்மை. தம் செவிக்கு வேண்டிய அளவைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமை, எழுந்து நடமாடும் எமக்குத்தான் அற்பமாகத் தோன்றும்.

பரிகாரம் தொலைக்காட்சியின் முதுகிலேயே இருந்தது. ஒளிக்கம்பி வழியே ஒலி எண்களாக மாறி, ஒளித்துடிப்புகளாய்ச் செல்கிறது. பெரும்பாலும் ஒரே மட்டத்திலேயே செல்கிறது. அளவைத் தீர்மானிப்பது மறுமுனையிலுள்ள கருவி. ஆகவே தனக்கென ஒரு ரிமோட் உடைய ஒலிபெருக்கிக்கே இவ்வழி ஏற்றது. அப்பொழுதும் முதியவர் கையில் இரண்டு ரிமோட்டுகள் சேரும்; எது எதற்கென்று தடுமாற்றமும் சேரும்.

புதிதாக வாங்குவோர் எச்டிஎம்ஐ துவாரங்களுள் ‘ஏஆர்சி’ என்று பொறித்த ஒன்று உண்டா எனப் பார்த்தல் நன்று. 2009 இல் அறிமுகமான இம்முறையில், ஒலி செல்லும் அதே கம்பியில் கட்டளையும் செல்லக்கூடும். தொலைக்காட்சியின் ரிமோட்டை அழுத்தினால் ஒலிபெருக்கி பணியும். இரு கருவிகளிலும் இவ்வசதி இருத்தல் வேண்டும்; அமைப்புப் பட்டியலில் ‘சிஇசி’ என்பது திறந்திருத்தலும் வேண்டும். கம்பனிகள் ஒவ்வொன்றும் அதற்குத் தத்தம் விருப்பப்படி பெயர் சூட்டியிருப்பதுதான் பெருந்தொல்லை. கம்பியில்லாத புளூடூத் வழியும் உண்டு. அதிற் சிலவேளை நடிகர் வாய் மூடிய பின்னரே சொல் வந்து சேரும்.

எம்மிடமிருந்த ஒலிபெருக்கிகளுக்குக் கைகொடுத்தது எல்லாவற்றிலும் எளிய வழி: ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீற்றர் துவாரம். ஹெட்போன் அணிபவர் ரிமோட்டினால் அளவை மாற்றவேண்டுமல்லவா? ஆதலால் அங்கே வெளிவரும் ஒலி ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டே வருகிறது. சில தொலைக்காட்சிகளில் ‘நிலையான அளவு’, ‘மாறும் அளவு’ என இரு தெரிவுகள் இருக்கும். மாறும் அளவையே தெரிதல் வேண்டும். ஒலிபெருக்கிகள் தமக்குள் மின்பெருக்கி உடையனவாயிருத்தல் அவசியம். கணினி மேசைக்கு விற்கப்படுவன பெரும்பாலும் அத்தகையனவே. சிவப்பும் வெள்ளையுமான துவாரங்களைக் கண்டு அவசரப்படலாகாது. பல தொலைக்காட்சிகளில் அவை ஒலியை உள்வாங்குவதற்கு மட்டுமே உள்ளன.

பொருத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. முதலில் ஒலிபெருக்கியின் குமிழைத் தாழ்த்தி, தொலைக்காட்சியின் அளவை முக்காற் பங்குக்கு உயர்த்தி, பின்னர் குமிழை மெல்லத் திருகிச் செவிக்கு இதமான இடத்தில் நிறுத்திவிடல் வேண்டும். மாறாகத் தொலைக்காட்சியைத் தாழ்த்திக் குமிழை முற்றாகத் திறந்தால் ‘உஸ்’ என்னும் இரைச்சல் கூடவே வரும். நிறுத்திய குமிழை அதன்பின் எவரும் தொடாதிருப்பாராக.

ரிமோட்டின் பிறப்பை நோக்கினும் சுவையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஸெனித் கம்பனி 1950 இல் வெளியிட்டது கம்பியாற் பிணைத்த ஒன்று. அக்கம்பி காலை இடறியது. 1955 இல் வந்தது ஒளிக்கற்றையால் இயங்கியது. வெயில் பட்டாலும் அலைவரிசை மாறிற்றாம். 1956 இல் ரொபேட் அட்லர் வடிவமைத்ததில் மின்கலமே இல்லை. விசையை அழுத்தினால் சிறு சுத்தியல் அலுமினியக் கோலைத் தட்டும். காதுக்கு எட்டாத அவ்வொலி பெட்டிக்கு எட்டும். அதன் நான்கு விசைகளுள் ஒன்று ஒலியை அடக்குவதற்கென்றே இருந்தது. விளம்பரக் கூச்சல் அந்நாளிலேயே மனிதரை வாட்டியிருக்கிறது.

எமது வீட்டில் இரண்டு மீற்றர் கம்பியொன்றும் கால் மணி நேரமுமே செலவாயின. ஒலியைக் கூட்டும் விசைமேல் சிவப்புப் பொட்டொன்றையும் குறைப்பதன்மேல் பச்சைப் பொட்டொன்றையும் பேரன் ஒட்டிக்கொடுத்தான். பரீட்சை முடிந்து மாதங்கள் சிலவாகின்றன. ஆயினும் இரவு எட்டு மணியானதும் அம்மாவின் விரல் தானாகவே பச்சைப் பொட்டைத் தேடுகிறது. “இனிப் படிப்பில்லையே அப்பம்மா, கூட்டி வையுங்கோ” என்று அவன்தான் உள்ளிருந்து குரல் கொடுக்கிறான்.