சன்னல்

திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, "கறி சமைப்பீங்களா?" அம்மா, "ஞாயித்துக்கிழமை மட்டும், கோழி" என்பார். பன்றிக்கறி தின்ன ஆயா வீட்டுக்குப் போவோம். தோட்டத்து விறகடுப்பில் வேகும்.

விழுப்புரத்தில் தமிழ் நடத்துகிறேன். பெரும்பாணாற்றுப்படையில், நெல்மாவு ஊட்டிக் குழியில் வளர்த்த பன்றியின் கொழுத்த கறி பாணருக்கு விருந்தாகிறது. மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு என்று ஒருத்தியும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

நாற்பத்தைந்தில் சொந்த வீடு, ஓர் ஓவன். விலா எலும்பின் உட்புறச் சவ்வை உரித்து, உப்பு, மிளகு, பூண்டு தடவி, அலுமினியத் தாளில் இறுக்கிப் பொதிந்து 150 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வைத்தேன். அவசரப்பட்டால் கறி ரப்பராகிவிடும்; நாரெல்லாம் மெல்லிய சூட்டில்தான் இளகும். பிறகு தாளைப் பிரித்து, புளியும் வெல்லமும் காய்ச்சிப் பூசி, 200 டிகிரியில் 15 நிமிடம்.

மணம் எழுந்ததும் அம்மா சன்னலைச் சாத்தப் போனார்.

"இது நம்ம வீடும்மா" என்றேன். கை கொக்கியிலேயே கொஞ்ச நேரம் நின்றது. சாத்தாமல் வந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அதே பாடம். "நேத்து எங்க வீட்டுல இதான்" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி குறிப்பெடுப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.